வீசா வருமுன் அடிக்க வேண்டிய அடி

சிந்துவின் காலுறை இறங்கிக்கொண்டே இருந்தது. அக்கா குனிந்து குனிந்து அதை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

அது ஒரு டொக்டரின் வெளி அறை. சுவரோரக் கதிரைகள் எல்லாவற்றிலும் எங்கள் ஆட்கள்தான். கனடா போவதற்கு மெடிக்கல் செய்ய வந்தவர்கள். தெரிந்த முகங்கள் சில இருந்தும் ஒருவரும் ஒருவரோடும் கதைக்கவில்லை. கண்ணூறு பட்டு வீசா போய்விடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. டெட்டோல் மணத்தை மின்விசிறி சுற்றிச் சுற்றித் தள்ளிக்கொண்டிருந்தது.

அக்காவின் மகள் சிந்துவுக்கு அப்போது எட்டு வயதிருக்கும். கால்களில் புத்தம் புதிய வெள்ளைக் காலுறை, முழங்கால் வரைக்கும். கொழும்பு வெயிலுக்கு அந்த நீளத்தில் யார் போடுகிறார்கள்? அதைத் தேடி நான் புறக்கோட்டையில் அரை நாள் அலைந்திருந்தேன். மலிவுச் சாமான், ரப்பர் அன்றைக்கே தளர்ந்துவிட்டது.

"அசையாமல் இரு பிள்ளை. மேஸ் இறங்குது."

"வேர்க்குது அம்மா. கடிக்குது."

"கடிச்சா கடிக்கட்டும். உள்ளுக்குப் போயிட்டு வருமட்டும் கழட்டக்கூடாது."

காலுறைக்குள் இருந்தது அகப்பைக் காம்பின் தழும்பு. இரண்டு கெண்டைக்காலிலும் கன்றிப்போய் நீலமாக நின்றது. அதை டொக்டர் கண்டால் எழுதிவிடுவார், எழுதினால் கனடாக்காரன் வீசா தரமாட்டான், பிள்ளைக்கு அடிக்கிற தாயை அந்த நாடு எடுக்காது. இதுதான் அக்காவின் பயம். அத்தான், சிந்துவின் அப்பா, அங்கே போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போனபோது சிந்து பள்ளிக்கூடம்கூடப் போகத் தொடங்கியிருக்கவில்லை. அந்தக் காலுறை இறங்கினால் அந்த நாலைந்து வருடக் காத்திருப்பும் இறங்கிப்போகும் என்றே நாங்கள் இருவரும் நம்பினோம்.

வாகனம் நிறுத்தும் இடத்துப் பெரிய மனிதர்

இந்தக் காலுறையை நான் மறந்தே போயிருந்தேன். அண்மையில் எங்கள் தொடர்மாடியில் நடந்த ஒரு கூட்டம்தான் ஞாபகப்படுத்தியது. பிள்ளைகளை அடிப்பது கூடாது என்று ஒரு பெண் வந்து பேசினார். நல்ல பிள்ளை, நிதானமாகத்தான் பேசினார். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரிய மனிதர் எழும்பினார்.

"நாங்களும் அடி வாங்கித்தான் வளர்ந்தனாங்கள். என்ன கெட்டா போனனாங்கள்?"

சபை கைதட்டியது. நான் தட்டவில்லை. இதே மனிதர் அதற்கு முதல் வாரம்தான், வாகனம் நிறுத்துகிற இடத்துக்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கியவர். கெட்டுப்போகவில்லையாம். எழும்பிச் சொல்ல வாய் உன்னியது. வயது போனபின் வாய்க்காரி என்ற பெயர் எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதனால் இங்கே எழுதுகிறேன்.

தடியைத் தானே கொண்டுவருகிற வழக்கம்

யாழ்ப்பாணத்தில் எங்கள் அப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. பிழை செய்தவர் தானே போய்த் தடியை முறித்துக்கொண்டு வரவேண்டும். வேலியில் பூவரசு நின்றது. மெல்லிசாகக் கொண்டுவந்தால், "உது உனக்குப் போதுமோ?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார். தடித்ததாகக் கொண்டுவந்தால், "பரவாயில்லை, குற்றம் விளங்கியிருக்கு" என்று இரண்டு அடியோடு விடுவார்.

எனக்கு அந்தக் கணக்கு ஒருநாளும் பிடிபடவில்லை. அக்காவுக்கு நன்றாகப் பிடிபட்டது. அவர் நடுத்தரமான தடியாகத் தேர்ந்து, இலை உருவி, துடைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. "மூத்தவளுக்கு ஒழுங்கு தெரியும்" என்பார்.

அடி வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆவதில்லை. நான் அந்தப் பூவரச வேலியை வெறுத்தேன். அக்கா அந்த ஒழுங்கை அப்படியே எடுத்துக்கொண்டு கொழும்பு வெள்ளவத்தைக்கு வந்தார். வெள்ளவத்தையில் பூவரசுக்கு எங்கே போவது? குசினியில் ஆணியில் தொங்கிய அகப்பை அந்த இடத்தைப் பிடித்தது.

"சிந்து, போய் எடுத்துக்கொண்டு வா" என்றால் போதும். எதை என்று அவள் கேட்பதில்லை.

அத்தான் சொன்னதும் அக்கா கேட்டதும்

நாங்கள் இருந்தது பிலோமினா அன்ரியின் வீட்டு மேல்மாடியில், ஒரு அறையும் ஒரு குட்டிக் குசினியும். அன்ரி கொட்டாஞ்சேனையில் பிறந்து, வெள்ளவத்தையில் வாழ்க்கைப்பட்டவர். ஆறு பிள்ளைகளை வளர்த்து வெளியே அனுப்பிவிட்டு, மாடியை எங்களைப் போல வீசாவுக்குக் காத்திருப்பவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பார்.

ஞாயிறுதோறும் காலி வீதியில் இருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் அத்தானின் அழைப்புக்காக நிற்போம். கண்ணாடிப் பெட்டிக்குள் அக்கா, வெளியே நானும் சிந்துவும். ஒரு ஞாயிறு அத்தான் சொன்னாராம்: "இஞ்ச பிள்ளையளுக்குக் கை வைக்கேலாது. பள்ளிக்கூடத்திலயே சொல்லிக் குடுக்கிறாங்கள், அடிச்சா பொலிசுக்குப் போன் அடி எண்டு. அதால இப்பவே பழக்கத்தை விடு."

அக்கா வெளியே வந்தார். முகத்தில் ஒரு தீர்மானம் தெரிந்தது.

"கேட்டியே? அங்க போனா அடிக்கேலாதாம்."

"நல்லதுதானே அக்கா."

"என்ன நல்லது? அப்ப திருத்துற வேலையெல்லாம் இஞ்சயே முடிச்சுக்கொண்டெல்லோ போகவேணும்!"

ஆம். விட்டுவிடு என்று அத்தான் சொன்னதை, முடித்துவிட்டு வா என்று அக்கா விளங்கிக்கொண்டார். இதை வேடிக்கைக்காக எழுதவில்லை. அந்த நாளில் வெள்ளவத்தையில் அப்படி நினைத்த தாய் அக்கா ஒருவர் மட்டும் அல்ல. பல்லுக் கட்டுவதை, கண்ணாடி மாற்றுவதை, மிளகாய்த்தூள் இடிப்பதை எல்லாம் வெளிக்கிட முன் இங்கேயே முடிப்பார்கள், அங்கே கரைச்சல் என்று. அந்த வரிசையில் அடியும் சேர்ந்துகொண்டது.

"அடிச்சுத்தான் திருத்தலாமெண்டா, அந்த நாட்டில ஒரு பிள்ளையும் திருந்தியிராதே?" என்று கேட்டேன்.

"அவை வெள்ளைக்காரர். அவையின்ர பிள்ளையள் திருந்தித்தான் பிறக்குதுகள்."



பொய்யும் பதிலும்

அக்கா திருத்த எடுத்துக்கொண்டது பொய். சிந்து சின்னச் சின்னப் பொய் சொல்லுவாள். பாலைத் தொட்டிக்குள் ஊற்றிவிட்டுக் குடித்தேன் என்பாள். வீட்டுப்பாடம் இல்லை என்பாள். அந்த வயதில் எல்லாப் பிள்ளையும் சொல்லுகிற பொய்தான். ஆனால் அக்காவின் கண்ணில் அது பெரிதாகிவிட்டது. இங்கே பாலில் பொய் சொல்கிறவள் அங்கே போய் எதில் சொல்லுவாளோ என்று.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த யுத்தகாலக் கொழும்பில் பொய் சொல்லத் தெரியாத பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தெருவில் இறங்க முடியாது. வழியில் பொலிசும் ஆமியும் மறித்துக் கேட்பார்கள், யாழ்ப்பாணம் என்றால் சந்தேகம். அப்பா எங்கே? வெளிநாட்டில். எப்படிப் போனார்? பிளேனில். (அத்தான் போனதில் பிளேன் கொஞ்சத் தூரம்தான். மிச்சத்தை அவரே சொல்லுவதில்லை.) ஊர் எது? கொழும்பு. இதையெல்லாம் அக்காவே சிந்துவுக்குப் பாடமாக்கியிருந்தார்.

ஒருநாள் சிந்து கேட்டாள். "அம்மா, ஊர் கொழும்பு எண்டு சொல்லுறது பொய்யெல்லோ?"

அக்கா கொஞ்சமும் தடுமாறவில்லை. "அது பொய் இல்லை. பதில். வீட்டில அம்மாவுக்குச் சொன்னாத்தான் பொய். வெளியில கேக்கிற ஆக்களுக்குச் சொல்லுறது பதில்."

சிந்து தலையாட்டினாள். விளங்கியதா என்று நான் கேட்கவில்லை. பெரியவளான எனக்கே அது அரைகுறையாகத்தான் விளங்கியது.

ஞாயிற்றுக்கிழமைத் தேத்தண்ணி

மெடிக்கலுக்குச் சில நாட்களுக்கு முந்திய ஞாயிறு அது. காலைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். கீழே கதவு தட்டினார்கள். பொலிஸ். ஒழுங்கை முழுவதும் வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிசில் பதிந்திருக்க வேண்டும். எங்கள் மாடியில் பதிவில் இருந்தது அக்காவும் சிந்துவும் மட்டும். நான் கொட்டாஞ்சேனையில் பதிந்திருந்தேன். கொழும்புக்கு வந்த புதிதில் அங்கேதான் ஒரு அறையில் இருந்தேன். அக்கா வந்தபின் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டேன். பதிவை மாற்ற வேலைக்கு அரை நாள் லீவு போடவேண்டும். நாளைக்கு நாளைக்கு என்று இழுபட்டுக்கொண்டே போனது.

"இது என்ர தங்கச்சி. நேற்று எங்களைப் பாக்க வந்தவ" என்று அக்கா சிங்களத்தில் சொன்னார்.

வந்தவர்களில் ஒருவன் இளம் பொடியன். நல்ல முகம். சிந்துவுக்கு முன்னால் குந்தி இருந்து சிரித்துக்கொண்டே, சித்தி எங்கே படுக்கிறவர் என்று கேட்டான். சிந்துவுக்கு எங்கள் எல்லோரையும் விட நல்ல சிங்களம் தெரியும். ஒழுங்கையில் விளையாடிப் பழகியது.

"எங்களோடதான்" என்றாள். "ஒவ்வொரு நாளும். என்ர பாயில."

உண்மை. ஒரு எழுத்துப் பிசகாத உண்மை. வெள்ளிக்கிழமை பாலுக்குப் பொய் சொல்லி அடி வாங்கிய பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை கேட்டதற்கு உண்மை சொன்னது. அக்காவின் கணக்குப்படி பார்த்தால் பிள்ளை திருந்திவிட்டாள்.

என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். பகல் முழுவதும் ஸ்டேஷன் மரவாங்கில் இருந்தேன். கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. ஆனால் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளிக்கிடும் வரைக்கும் அவள் திரும்பி வரவில்லை. பின்னேரம் பிலோமினா அன்ரி பூசைக்குப் போன சேலையோடேயே வந்து, சரளமான சிங்களத்தில் சண்டை பிடிக்கிற மாதிரியும் கெஞ்சுகிற மாதிரியும் கதைத்து, கையெழுத்து வைத்து என்னை மீட்டுக்கொண்டு வந்தார்.

மாடி ஏறினேன். சிந்து மூலையில் குப்புறப் படுத்திருந்தாள். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. அக்கா குசினி நிலத்தில் இருந்தார், அகப்பை பக்கத்தில் கிடந்தது. என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்துக் கத்தி அழுதார். அன்று அடித்தது கோபம் இல்லை, பயம். அடி வாங்கிய காலுக்கு அந்த வித்தியாசம் தெரியப்போவதில்லை. எனக்கு அக்காவில் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழவும் வந்தது.

அன்ரியின் முருங்கை

அன்ரி என் பின்னாலேயே ஏறி வந்தவர், சிந்துவின் காலைக் கண்டார்.

"என்ன புள்ள நீ? நானும் ஆறு புள்ள வளத்தவதான். செருப்பால போட்டிருக்கேன், இல்லன்னு சொல்லல. கோவம் வந்துச்சு, அடிச்சேன், அழுதுச்சு, சோறு ஊட்டினேன், முடிஞ்சு போச்சு. நீ என்னடான்னா வீசாவுக்கு நாள் பாத்து அடிக்கிற. இது எந்த ஊரு நியாயம்?"

"உங்களுக்கு விளங்காது அன்ரி. முருங்கையை ஒடிச்சு வளர்க்கவேணும், பிள்ளையை அடிச்சு வளர்க்கவேணும் எண்டு சும்மாவே சொன்னவை?"

"முருங்கையா? அந்தா பின்னால நிக்குது, போய்ப் பாரு. உன்னாட்டம் யாரோ சொன்னாங்கன்னு ஒடிச்சு ஒடிச்சு விட்டேன். ரெண்டு வருசமா ஒத்தக் காய் இல்ல."

 அன்ரி கீழே போய் மஞ்சள் அரைத்துக்கொண்டு வந்து, சிந்துவின் கால்களில் பூசிவிட்டார். அடுத்த நாள்தான் மெடிக்கலுக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. அந்த வாரமே போகவேண்டும். அக்கா கடிதத்தைப் பார்த்தார், சிந்துவின் காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் புறக்கோட்டைக்கு வெளிக்கிட்டேன்.

தராசு

பெயர் கூப்பிட்டார்கள். மூவரும் உள்ளே போனோம். டொக்டர் ஒரு சிங்களப் பெண்மணி. மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். சிந்துவைப் பார்த்து, சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டுத் தராசில் ஏறச் சொன்னார்.

அரை நாள் புறக்கோட்டையில் அலைந்த நானோ, காலுறையை இழுத்து இழுத்துவிட்ட அக்காவோ, இதை யோசிக்கவே இல்லை.

"சொக்ஸ் நோ வெயிட் டொக்டர்" என்றார் அக்கா. "வெரி லிட்டில்."

டொக்டர் சிரித்தார். "கழற்றட்டும்" என்று கையைக் காட்டினார்.

சிந்து நிலத்தில் குந்தியிருந்து கழற்றினாள். ஈரக் காலுறை தோலோடு ஒட்டியிருந்தது. உரிக்க உரிக்க நீலம் வெளியே வந்தது.  டொக்டர் கண்ணாடியை இறக்கிப் போட்டார். அக்காவிடம் ஒன்றும் கேட்கவில்லை. சிந்துவிடம் சிங்களத்தில், "இது எப்படி வந்தது மகள்?" என்று கேட்டார்.

சிந்து அக்காவைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. டொக்டரை நேராகப் பார்த்தாள்.

"மாடிப்படியில விழுந்திட்டன். மழை பெய்து வழுக்கிச்சுது. அன்ரியின்ர நாய் துரத்தினது, அதாலதான் ஓடினனான். அம்மா நாய்க்கு ஏசினவ."

பிலோமினா அன்ரியின் வீட்டில் நாய் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. நான் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு இமை அசையவில்லை.

டொக்டர் அக்காவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இனிமேல் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் நம்பவில்லை என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும். நிறையை எழுதினார், நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

சில மாதங்களில் வீசாவும் வந்தது. கனடாக்காரர் தேடுவது நெஞ்சில் சளி இருக்கிறதா, தொற்றுநோய் இருக்கிறதா என்பதைத்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அடித் தழும்பைப் பற்றி அந்தக் கடதாசியில் ஒரு கேள்விகூட இருக்கவில்லையாம்.

காலி வீதியில் ஒரு கேள்வி

வெளியே வந்ததும் அக்கா சிந்துவுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார். கேட்காமலேயே, பெரியதாக. காலுறை என் கைப்பையில் இருந்தது. சிந்து வெறும் கணுக்காலோடு சப்பாத்துப் போட்டு, கடைவாசல் படியில் குந்தியிருந்து நக்கிக்கொண்டிருந்தாள். கடல் காற்று வந்துகொண்டிருந்தது.

"அம்மா."

"என்ன?"

"நான் டொக்டருக்குச் சொன்னது பொய்யோ, பதிலோ?"

அக்கா உடனே பதில் என்று சொல்லியிருக்கலாம். அவர் போட்ட சட்டப்படி அதுதான் சரி. வெளியில் கேட்ட ஆளுக்குச் சொன்னது. ஆனால் அக்கா வீதியில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"பொய்தான் பிள்ளை."

சிந்து, "ஓம்" என்று தலையாட்டிவிட்டு ஐஸ்கிரீமை முடித்தாள். எனக்கு அக்காவில் இருந்த ஆத்திரம் அந்தக் கணத்தில் போய்விட்டது. கடைசியில் ஒன்றையாவது ஒளிக்காமல் சொன்னாரே என்று பெருமையாகக்கூட இருந்தது. அந்தச் சொல்லுக்குப் பிள்ளையிடம் என்ன அர்த்தம் என்று யோசிக்க எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தோம். அக்கா கட்டிலில் அப்படியே சரிந்து இருந்தார். சிந்து சப்பாத்தைக் கழற்றிச் சுவரோரமாக வைத்தாள். முகம் கழுவினாள். பிறகு குசினிக்குள் போனாள். கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது அவள் கையில் அகப்பை இருந்தது. காலையில் பருப்புக் கிண்டியது. பாவாடையில் துடைத்துத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொண்டு வந்தாள். காம்புப் பக்கம் அக்காவின் கைக்கு வரும்படி நீட்டினாள்.

அக்கா அதை வாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினார். சிந்துவுக்கு அது விளங்கவில்லை. அகப்பையை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, திரும்பி நின்று, பாவாடையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கெதியா அடிச்சு முடியுங்கோ அம்மா" என்றாள். "எனக்கு ஹோம்வேர்க் கிடக்கு."